மாமா ஏன் இட்லியை மூடி வைத்தார்?

போன மாதம் செஞ்சியில் ஒரு கழிவறைக் கதவின் முன்னால் நின்று சண்டை போட்டேன். ஆமாம், நானேதான்! கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

“ஏன் சிஸ்டர், வயசாயிட்டா மானம் மரியாதை எல்லாம் போயிடுமா? ஒரு தாழ்ப்பாள் போட முடியாதா உங்களால?”

கையில் நாலு பக்கத்துக்குப் பிரின்ட் எடுத்த கேள்விப் பட்டியல். அதில் ‘கழிவறை வசதி’ என்று இருந்த இடத்தில் பேனாவால் பெரிதாக ஒரு இன்ட்டு போட்டேன். அந்த அம்மாவுக்குத் தெரிகிற மாதிரிதான் போட்டேன். என் குணம் உங்களுக்குப் புதுசா என்ன? ஹோட்டலில் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற ஜென்மம் நான்.

சிஸ்டர் கோபப்படவில்லை. “முழுசா சுத்திப் பாத்துட்டு வாங்கம்மா, அப்பறம் பேசலாம்” என்றார். அவர் கோபப்படாததில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இருங்கள், முதலில் இருந்து சொல்கிறேன்.

அது மறதி நோய் வந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். நான் போனது என் மாமாவுக்காக. மாமா என்றால் என் அக்கா ராஜியின் வீட்டுக்காரர். செஞ்சி பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம், மஞ்சள்... பிள்ளை பெற்ற வீட்டுக்கு லேகியச் சாமான் வாங்க அவலூர்பேட்டையிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையை விட்டு எடுப்பார். எழுதி ஒட்டுகிற வழக்கமே அவரிடம் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கை தடுமாற ஆரம்பித்தது. கடுக்காய் கேட்டால் ஜாதிக்காய் வந்தது. பிறகு கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி மறந்தது. டாக்டர் டிமென்ஷியா என்றார். கடையை விட வேண்டியதாயிற்று. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள்.

ஆனால் மாமாவிடம் அதை யார் சொல்வது? சொன்னால்தான் நிற்குமா? தினமும் விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவார். “கடைக்கு நேரமாச்சு.” அக்கா கேட்டைப் பூட்டுவாள். அவர் உலுக்குவார். ஒருநாள் அக்கா குறுக்கே போய் நிற்க, அவர் தள்ள, அவள் வாசல் படியில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. நாற்பத்தோரு வருஷத்தில் அவளை ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷர். விழுந்தவளைப் பார்த்து, “யாரும்மா நீ, பாத்து நடக்கக் கூடாதா?” என்று கேட்டாராம்.

அதைவிடப் பெரிய கவலை சாப்பாடு. நாலு மாசமாகக் காலையில் ஒரு வாய்கூட வைப்பதில்லை. அரை நாள் பட்டினியில் சோர்ந்து, மத்தியானம் அக்கா ஊட்டினால் ரெண்டு கவளம். கன்னம் ஒட்டி, சட்டைக்குள் ஆளையே காணோம். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். மூக்கைப் பிடித்து வாயில் திணித்தும் பார்த்தாள், பாவம். டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: “இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். இல்லேன்னா மூக்கு வழியா டியூப்தான்.” டியூப் போட்டால் பிடுங்குவார். பிடுங்கினால் கையைக் கட்ட வேண்டும். கையைக் கட்டிப்போட்ட மாமாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மாவுக்கட்டுக் காலோடு அக்கா என்ன செய்வாள்? மகன் துபாயில். “சித்தி, நீங்க நேர்ல போய் நல்ல இடமா பாருங்க. நீங்க ஓகேன்னா எனக்கு ஓகே” என்றான். அக்காவோ இன்னும் ஒரு படி மேலே போனாள்.

“பஜார்ல என்ன பேசுவாங்க தெரியுமாடி? ‘நல்லா இருந்த வரைக்கும் வெச்சினு இருந்தா, இப்ப கொண்டுபோய்த் தள்ளிட்டா’ன்னு காது படப் பேசுவாங்க. என்னால முடிவு பண்ண முடியாது. நீ பாரு. நீ சரின்னா அனுப்பறேன், வேணாம்னா சாகற வரைக்கும் நானே பாத்துக்கறேன்.”

எவ்வளவு சுலபமாகத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள் பார்த்தீர்களா? ஆளை அனுப்புவது அவள். பாவம் என் கணக்கில்!

அதனால்தான் அந்த நாலு பக்கப் பட்டியல். இன்டர்நெட்டில் தேடி, நானும் பத்து கேள்வி சேர்த்தேன். சிசிடிவி உண்டா? ராம்ப் உண்டா? டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை? தீயணைக்கும் கருவி? படுக்கை விரிப்பை எப்போது மாற்றுவார்கள்? பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையின் அத்தை மாதிரி கிளம்பினேன்.

முதலில் சென்னைப் பக்கம் ஒரு இடம். பெயர் வேண்டாம். தரையில் முகம் பார்க்கலாம். வரவேற்பறையில் மீன் தொட்டி. பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. என் பட்டியல் முழுக்க டிக்... டிக்... டிக். ‘இதுதான் இடம்’ என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். திரும்பி வரும்போது காரில் மனசுக்குள் ஏதோ இடித்தது. ஒரு மணி நேரம் அங்கே இருந்தேன். மாமாவின் பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. தவிர, செஞ்சியிலிருந்து அவ்வளவு தூரம் அக்கா எப்படி வந்து பார்ப்பாள்? மாசம் ஒருமுறை வந்தால் பெரிது.

அப்போதுதான் அக்காவுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னார், “மேல்சித்தாமூர் போற ரோட்ல மல்லிகா சிஸ்டர் ஒரு ஹோம் வெச்சிருக்காங்களே, பாக்கலையா?” என்று. மல்லிகா சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பாவுக்கே இந்த நோய் வந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் விசேஷம் இல்லை. முன்னொரு காலத்தில் நெல் வியாபாரி ஒருவர் கட்டிய வீடு. காம்பவுண்டு சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. முதல் இன்ட்டு! உள்ளே போனால் ஒரே சத்தம். வெங்காயம் வதக்குகிற வாசனை. ஒரு அம்மா, கண்ணுக்குத் தெரியாத மருமகளைத் திட்டிக்கொண்டே அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, “திண்டிவனம் பஸ் வந்துடுச்சா?” என்று கேட்டார். அங்கே வேலை செய்கிற பெண், “இன்னும் வரல நைனா, வந்தா நானே கூப்புடறேன்” என்றாள். திரும்பி வந்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில்.

நான் எண்ணினேன். ஏழு தடவை! ஏழாவது தடவையும் அந்தப் பெண்ணின் குரலில் ஒரு சலிப்பு இல்லை. முதல் தடவை கேட்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாள். என்னால் மூன்றாவது தடவைக்கு மேல் முடியாது. வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இருந்தாலும் பட்டியல் பட்டியல்தானே? தாழ்ப்பாள் இல்லாததற்கு ஒரு இன்ட்டு. ரூமில் முகம் பார்க்கிற கண்ணாடி இல்லாததற்கு ஒன்று. வாசலில் மிதியடி இல்லை, அதற்கு ஒன்று. இதை எல்லாம் அடுக்கிக்கொண்டு போய் சிஸ்டரின் மேஜை முன்னால் உட்கார்ந்தேன்.

சிஸ்டர் பட்டியலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“தாழ்ப்பா போட்டா போட்டுக்குவாங்கம்மா. தொறக்கத் தெரியாது. உள்ள இருந்து கத்துவாங்க, நம்ம கதவ ஒடைக்கணும். அதான் கழட்டிட்டேன். வெளிய எப்பவும் ஒரு ஆளு நிக்கும்.” அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். “கண்ணாடியா... அதுல தெரியறது தான்தான்னே சில பேருக்குத் தெரியாது. யாரோ ஒரு கெழவன் ரூமுக்குள்ள பூந்துட்டான்னு பயந்துடுவாங்க. கேக்கறவங்களுக்குக் குடுப்போம், மாட்டி வெக்கறதில்ல. அப்பறம் மிதியடி. கறுப்பா ஒண்ணு வாங்கிப் போட்டேன். அது பள்ளம்னு நெனச்சி ஒரு அம்மா தாண்டிக் குதிச்சிட்டாங்க. அன்னிக்கே எடுத்துட்டேன்.”

அசடு வழிந்தேன். எதை எல்லாம் இல்லை, இல்லை என்று இன்ட்டு போட்டேனோ, அது எல்லாம் யோசித்து யோசித்து எடுத்தது. இருப்பதை எண்ணத் தெரிந்த எனக்கு இல்லாததைப் படிக்கத் தெரியவில்லை.

“உங்க லிஸ்ட் முடிஞ்சிடுச்சா?” என்றார் சிஸ்டர். டிராயரிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். “இப்ப என் லிஸ்ட்டு.”

மாமா பேர் என்ன, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், காலையில் காபியா டீயா, கோபம் வந்தால் தானாக அடங்குவாரா ஆள் வேண்டுமா, மனைவியை என்னவென்று கூப்பிடுவார், கடையை எத்தனை மணிக்குத் திறப்பார், திறந்ததும் முதல் வேலை என்ன...

எனக்குப் பேரும் காபியும் தெரிந்தது. மீதிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். அக்காவுக்கே பாதிதான் தெரிந்தது. கடையைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும், “அது அவரு வேலைம்மா, நான் அந்தப் பக்கம் போனதில்ல” என்றாள். சிஸ்டர் அந்த இடங்களைக் காலியாக விட்டார்.

“ஒரு நாளு விடியக்காலையிலயே கூட்டினு வாங்க. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். நீங்க எங்களைப் பாத்துட்டீங்க. நாங்க அவரைப் பாக்க வேணாமா?”

அட! தேர்வு எழுத வந்தது நான்தான் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஆட்டோவில் போனோம். மாமா, அக்கா, அக்காவின் வாக்கர், நான். “கடைக்குப் போலாம் வாங்க” என்றதும் மாமா எல்லோருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். கூட்டு ரோடு தாண்டி ஆட்டோ பஜார் பக்கம் போகாமல் திரும்பியபோது அவர் முகம் மாறியது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

இல்லத்தில் அவரை ஜன்னலோரம் ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள். சமையல்கார அம்மா பச்சையம்மா, நாலு இட்லியும் சட்னியும் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் இருவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா இட்லியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காலித் தட்டை எடுத்து இட்லி மேல் கவிழ்த்து மூடினார். மேஜையின் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“பாத்தியாடி? இதேதான், தினம் இதேதான்” என்றாள் அக்கா.

சிஸ்டர் இட்லியை நீலத் தட்டில் மாற்றச் சொன்னார். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி இவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதாம். நீலத் தட்டு வந்தது. மாமா அதையும் மூடினார். அங்கே வேலை செய்கிற பெண் ஊட்டப் போனாள். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மரியாதையாகத்தான் நிறுத்தினார், கண் மட்டும் வாசலில் இருந்தது. மணி எட்டு. எட்டே கால். சரிதான், இங்கேயும் இதே கதைதான், டியூப் வரைக்கும் போய்த்தான் தீரும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அரை மணி நேரம். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். என் பட்டியலில் ‘ஒருவர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பாரா?’ என்று ஒரு கேள்வி இல்லை.

பிறகு அக்காவிடம் வந்தார்.

“ஏம்மா, வேணாங்கறவங்க தட்ட தள்ளுவாங்க. தூக்கிக்கூடப் போடுவாங்க. இவரு மூடி வெக்கிறாரு. ஈ மொய்க்கக் கூடாது, அப்பறமா சாப்புடணும்னு எடுத்து வெக்கிறாரு. இவருக்குச் சோறு வேணும்மா. என்னாத்துக்கோ காத்துனு இருக்காரு. கடையில காலையில எப்ப சாப்புடுவாரு?”

“தெரியாது சிஸ்டர். ஆறு மணிக்கே கடைக்குப் போயிடுவாரு. டிபன் கேரியர்ல போட்டு அனுப்புவேன். காலியா திரும்பி வரும்.”

“சாப்புடறத நீங்க பாத்ததே இல்லியா?”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“நாப்பது வருஷமா... காலையில அவரு சாப்பிட்டு நான் பாத்ததே இல்லடி” என்றாள் மெதுவாக.

பாத்திரம் எடுக்க வந்த பச்சையம்மா அப்படியே நின்றார். இவர் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவலூர்பேட்டைச் சந்தையில் கீரை, காய் விற்றவர்.

“இன்னா சிஸ்டர் நீங்க? கடைக்காரரு... போணி ஆவாம எப்படி சாப்புடுவாரு? நான் கீர வித்தப்ப போணி ஆவற வரைக்கும் வெத்தலகூட போட மாட்டேன். மொத யாவாரம் ஆவாம வயித்த ரொப்பினா, அன்னிக்குப் பூரா யாவாரம் படுத்துடும்.”

“அட ஆமாம்ல...” என்றார் சிஸ்டர்.

கடையை விட்ட புதிதில் மாமா வீட்டில் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னாள். சிஸ்டர் தலையாட்டினார். “மறதி முத்த முத்த பின்னாடி போவாங்கம்மா. உங்க வீட்டுக்காரரு போய்க் கடையில நின்னுட்டாரு. உடம்புதான் வீட்ல இருக்குது. நீங்க கேட்டைப் பூட்டினா அவருக்குக் கடையே தொறக்கல. கடை தொறக்கல, போணி இல்ல. போணி இல்ல, சாப்பாடு இல்ல.”

அதற்குள் பச்சையம்மா சமையலறைக்குப் போய், ஒரு தாம்பாளத்தில் விரலி மஞ்சளும் சுக்கும் மிளகும் கொட்டி, ரெண்டு பழைய பேப்பரோடு கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தார். வைத்த கையோடு வெளியே போய்விட்டார். மாமா தாம்பாளத்தைப் பார்த்தார். சுக்கை ஒரு பக்கமாக ஒதுக்கினார். மிளகைக் குவித்தார். மஞ்சளை நடுவில் அடுக்கினார். ஒரு துண்டை எடுத்து முறித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

பச்சையம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசல் வழியாகப் புதிதாக உள்ளே வந்தார்.

“மொதலாளி, மஞ்சா இருக்குதா?”

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலு மாசமாகக் கூனிக் கிடந்த முதுகு நிமிர்ந்தது!

“வாம்மா, வா வா. மொத போணி மஞ்சளு... நல்லா இருப்ப.”

பேப்பரைக் கிழித்து, ரெண்டு விரலி மஞ்சளை வைத்து, ஒரு மடிப்பு, ரெண்டு மடிப்பு, ஓரத்தைச் சொருகிப் பொட்டலமாகக் கொடுத்தார். பச்சையம்மா கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, யாரும் சொல்லாமல், யாரும் கெஞ்சாமல், ஓரத்தில் இருந்த தட்டை முன்னால் இழுத்து மூடியைத் திறந்தார்.

நாலு இட்லியும் ஆறிப் போயிருந்தது. நாலையும் சாப்பிட்டார். சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டார்.

அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். “வாயில திணிச்சேனே... ‘சனியனே முழுங்கு’ன்னு திட்டினேனே... அவரு கடைக்குக் காத்துனு இருந்திருக்காரே, எனக்குத் தெரியலையே!” சிஸ்டர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க அப்பாவ நானும் அடிச்சிருக்கேம்மா” என்றார். அவ்வளவுதான். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நான் என் நாலு பக்கத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ஹேண்ட்பேகில் திணித்தேன்.

இதைப் படித்துவிட்டு, ‘போணி பண்ணினால் டிமென்ஷியா சரியாகிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்! நோய் அப்படியேதான் இருக்கிறது. சில நாள் பொட்டலம் கட்டிக் கொடுத்த பிறகும் மாமா சாப்பிடுவதில்லை. சில நாள் மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு அது என்னவென்றே தெரியாமல் விழிக்கிறார். சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “இது எவ்ளோ நாளைக்கு ஓடும்னு தெரியாது. ஓடற வரைக்கும் ஓட்டலாம். அப்பறம் வேற கண்டுபுடிக்கலாம்.”

அந்த ‘வேற கண்டுபுடிக்கலாம்’தான் எனக்குப் பிடித்தது. எவ்வளவு பெரிய வார்த்தை அது! ஒரு மனுஷர் இட்லியை மூடி வைக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புவதற்கே ஒரு மனசு வேண்டாமா? நாம் எல்லாம் என்ன நினைத்தோம்? ‘பிடிவாதம்’ என்று நினைத்தோம். ‘நோய்’ என்று நினைத்தோம். புத்தி போய்விட்டது என்று ஒருவரைப் பற்றி முடிவு செய்துவிட்டால், அவர் செய்கிற எதற்கும் நாம் அர்த்தம் தேடுவதில்லை. மல்லிகா சிஸ்டர் தேடினார். பச்சையம்மாவுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கூடை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தவருக்கு அது தானாகத் தெரிந்தது. ஒருவர் படித்தவர், ஒருவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். இந்த ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்களா என்று எந்தப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

வயதானவர்களுக்காக இடம் தேடிக்கொண்டிருக்கும் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். சிசிடிவியைப் பாருங்கள், ராம்ப்பைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அவர்கள் உங்களை என்ன கேட்கிறார்கள் என்றும் பாருங்கள்.

அன்று சாயங்காலம் ஆட்டோவில் திரும்பினோம். ராஜாகிரிக் கோட்டை மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வீடு வரப்போகும் சமயத்தில், “சொல்லுடி. சரியா, வேணாமா?” என்றாள்.

“சரிக்கா” என்றேன். சரி என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் தெரிந்து சொல்வதற்கும் நெஞ்சு வலிக்கத்தானே செய்கிறது?

மறுவாரம் மாமாவைக் கொண்டுபோய் விட்டோம். பஜாரில் பேசினார்களாம். “புருஷன ஹோம்ல போட்டுட்டாளாமே” என்று எதிர்க் கடைக்காரர் மனைவி அக்கா காதுபடவே கேட்டாளாம். அக்கா ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, நான் போனில் கண்டபடி திட்டினேன். அவரைச் சாப்பிட வைத்தாயிற்று, இனி இவளுக்கு யார் ஊட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவே போன் செய்தாள். குரலில் ஒரு தெம்பு.

“தெனம் ஏழு மணிக்கு ஆட்டோ பிடிச்சிப் போயிடறேன்டி. பச்சையம்மாவ வேணாம்னுட்டேன். மொத போணி நான்தான்.”

“மாவுக்கட்டுக் காலோடவா? மாமாவுக்கு உன்னை அடையாளம் தெரியுதாக்கா?”

“எங்க தெரியுது! ‘வாங்கம்மா, ஒக்காருங்கம்மா, கால்ல என்னம்மா அடி?’ங்கறாரு. கட்டின நாள்லேர்ந்து என்னை ஒரு தடவை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டிருப்பாரா மனுஷன்?” என்று சிரித்தாள்.

“ஆனா ஒண்ணுடி” என்றாள். “பச்சையம்மா வாங்கினா ரெண்டு மஞ்சள்தான். சிஸ்டர் வாங்கினாலும் ரெண்டுதான். எனக்கு மட்டும் மேல ஒண்ணு கொசுறு வெக்கிறாரு.”